பசித்த நீரும் பழைய குழாயும்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் அண்மையில் பணியேற்றிருக்கும் வேதியியலாளர்களுக்காக இதனை எழுதுகிறேன். உங்களுள் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வினவினார்: “இத்தனை மின்சாரம் செலவழித்துக் கடல்நீரிலிருந்து உப்பையெல்லாம் பிரித்தெடுக்கிறோம். பிறகு அந்த நீரைச் சுண்ணாம்புக்கல் படுகை வழியே செலுத்தி மீண்டும் கனிமத்தை ஏற்றி அனுப்புகிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?” அப்போது அவருக்கு இரண்டு வரியில் விடையளித்துவிட்டேன். வீடு திரும்பியதும் அது போதாதென்று தோன்றியது. அந்த விடையை நான் எந்த நூலிலும் கற்கவில்லை; திருவொற்றியூரில் ஒரு தேநீர்க்கடையில் கற்றேன். கற்பதற்கு முன் ஒரு பெரும் பிழையும் செய்தேன். பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வந்த வறட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். புழல் ஏரியின் படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வடசென்னைத் தெருக்களில் மனிதர்களுக்கு முன்பாகக் குடங்கள் எழுந்து வரிசையில் நின்றன. நான் அப்போது எண்ணூர் நெடுஞ்சாலையோரத்து ஆலையொன்றில் நீர் ஆய்வகத்தின் பொறுப்பாளன். எங்கள் கொதிகலன்களுக்கு மாசற்ற நீர் வேண்டும் என்பதால், கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் கலம் ஒன்று ஆலைக்குள்ளேயே இயங்கியது. அக்கோடையில் இரு கொதிகலன்களுள் ஒன்று பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டது. வடிநீர் மிஞ்சியது. மதிலுக்கு அப்பால், கடலை ஒட்டிய தெருவில் மீன்பிடித் தொழிலாளர்களும் துறைமுகக் கூலிகளுமாகச் சில நூறு குடும்பங்கள் நீரின்றித் தவித்தன.

மிஞ்சிய நீரை அவர்களுக்கு அளிக்கலாம் என்ற யோசனையை மேலாளரிடம் முன்வைத்தவன் நானே. அவர் நல்ல மனிதர், உடனே இசைந்தார். ஒரு காலத்தில் எங்கள் தொழிலாளர் குடியிருப்புக்கு நீர் கொண்டுசென்ற வார்ப்பிரும்புக் குழாய் அத்தெருவின் அடியில் பயனற்றுக் கிடந்தது. அதைக் கழுவி, தெருமுனையில் ஒரு குழாயடி அமைத்தோம். நீர் குடிக்கத்தக்கதுதானா என்று சான்றளிக்க வேண்டியது என் கடமை. வடிகலத்தின் வாயில் நீரைப் பிடித்தேன். நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துமானியில் முள் அசையவே இல்லை. பெருமிதம் மேலிட, “இந்நகரில் இதனினும் தூய நீர் பிறிதில்லை, ஐயமின்றிப் பருகலாம்” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தச் சொற்றொடரின் ஓசைநயம் அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குழாயடியில் வரிசையை ஒழுங்குபடுத்தியவர், அருகில் தேநீர்க்கடை நடத்திய ஓர் அம்மையார். நாற்பது வயதிருக்கும். தெருவே அவரை ‘அக்கா’ என்றழைத்தது. நானும் இங்கே அவ்வாறே குறிப்பிடுகிறேன். குழாயின் சாவி அவரிடம் இருந்தது. வீட்டுக்கு நான்கு குடம், கைக்குழந்தை இருந்தால் ஐந்து என்பது அவர் வகுத்த சட்டம். அதை மீறத் துணிந்தவர் எவருமில்லை.

குழாய் திறந்த மூன்றாம் நாள் பார்வையிடச் சென்றேன். அக்கா ஒரு குவளை நீரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார் தண்ணி இது? வாயில ஊத்துனா ஒண்ணுமே தெரியல. காத்தக் குடிச்சாப்புல கீது.”

“சுவையின்மைதான் அம்மா தூய்மைக்கு அடையாளம்” என்றேன்.

“அப்டியா? எங்கூட்டுக்காரரு சமையல்கூட ரொம்ப தூய்மைதான் அப்போ” என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆயினும் அவர் கூற்றை ஆராயவில்லை.

“நான் ஒண்ணு பண்றேன் சார். சோறு வடிக்கச்சே எங்க கைப்பம்பு தண்ணிய ஒரு சொம்பு சேத்துக்கறேன். அது ஒரே உப்பு. ஆனா இத்தோட சேந்தா வாய்க்கு நல்லாகீது. உன் தண்ணில உப்பே இல்ல, எங்க பம்புல உப்பு மட்டும்தான் கீது. பேசாம ரெண்டுத்துக்கும் கண்ணாலம் பண்ணி வையேன்.”

நகைச்சுவை என்று எண்ணி அதையும் கடந்து சென்றேன். மூன்றாம் நாளிலேயே நான் செய்திருக்க வேண்டிய வேலையை அப்பெண்மணி ஒரு சொம்பால் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் முற்பகலில் ஆலை வாயிலிலிருந்து காவலர் தொலைபேசியில் அழைத்தார். “சார், டீக்கடை அக்கா வந்துகீறாங்க. உங்களைப் பாக்காம போவமாட்டேன்றாங்க. கையில டீ வேற.”

சென்று பார்த்தேன். அக்கா ஒரு தட்டில் பால் கலவாத தேநீர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வைத்திருந்தார். ஒன்று செம்பழுப்பாகத் தெளிந்து மின்னியது. மற்றொன்று மை கரைத்தாற்போல் கறுத்திருந்தது.

“இது ரெண்டும் ஒரே தூளு. ஒரே அடுப்பு. அளவும் ஒண்ணுதான்” என்றார்.

“தூள் பழையதாக இருக்கலாம்...”

“தபார் சார், ஒரே தூளுன்னு சொல்லிகினே இருக்கேன். நாலு நாளா கஸ்டமருங்க பேஜாரு பண்றானுங்க. ‘இன்னாக்கா, டீயா இங்க்கா’ன்றானுங்க. தூள மாத்துனேன், பாத்திரத்த மாத்துனேன், ஒண்ணும் வேலைக்கி ஆவல. அப்பறந்தான் ரோசன பண்ணேன்.” காவலரைச் சுட்டினார். “இவருக்கு தெனம் டீ கொண்டாறேன் இல்ல? இன்னிக்கி காலில உள்ளாரந்து ஒரு கேன் தண்ணி புடிச்சிக் குடுன்னேன். அந்தத் தண்ணில போட்டது இந்த டீ.” செம்பழுப்புக் குவளையைத் தொட்டுக் காட்டினார். “எங்க தெருக் குழாத் தண்ணில போட்டது அது. ரெண்டும் உன் தண்ணிதான. நடுவுல இன்னாமோ நடக்குது சார்.”

நண்பர்களே, சிந்தித்துப் பாருங்கள். தூளை மாற்றி அது காரணமன்று என்று தள்ளினார். பாத்திரத்தை மாற்றி அதையும் தள்ளினார். பிறகு ஒரே நீரைக் குழாயின் இரு முனைகளிலும் பிடித்து ஒப்பிட்டார். இதைவிடச் செம்மையான சோதனையை எந்த ஆய்வகத்தில் யார் வகுத்தளிக்க முடியும்? பட்டமும் கருவிகளும் பெற்றிருந்த நான் நீரைப் பிறந்த இடத்தில் மட்டும் சோதித்துச் சான்றளித்திருந்தேன். பருகும் இடத்தில் ஒருமுறையேனும் சோதிக்கவில்லை.

தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைச் சந்தித்தால் கறுக்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் அது ஏட்டில் இருந்தது. அவர் தட்டில் இருந்தது. அக்கணமே தெருக்குழாயின் நீரைப் பிடித்துவந்து ஆய்ந்தேன். இரும்பு மிகுதியாக இருந்தது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் பொருத்துகளில் ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள் என்பது நினைவுக்கு வர, ஈயத்திற்கும் சோதித்தேன். அதுவும் இருந்தது. இரும்பு, தேநீரைக் கறுக்கச் செய்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. ஈயத்திற்கு நிறமில்லை; நாவிலும் தெரியாது; குழந்தைகளின் மூளையில் ஓசையின்றிக் குடியேறும்.

நிகழ்ந்தது என்னவென்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். கனிமமே இல்லாத நீர் பசித்த நீர். ஒரு குவளை பருகினால் மனிதனுக்குத் தீங்கில்லை; நஞ்சென்று அஞ்சவும் வேண்டியதில்லை. ஆனால் தான் தொடும் பொருளிலெல்லாம் எதையேனும் கரைத்துக்கொள்ளாமல் அது அடங்குவதில்லை. காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிச் சற்றே புளிப்பேறும்போது அப்பசி இன்னும் கூடுகிறது. அந்தப் பழைய குழாயின் உட்புறத்தில், முன்பு ஓடிய கடினநீர் பல ஆண்டுகளாகச் சுண்ணப் படிவம் ஒன்றைப் பூசிவைத்திருந்தது. உலோகத்திற்கு அதுவே கவசம். என் தூயநீர் முதல் வாரத்தில் அக்கவசத்தைத் தின்றது. இரண்டாம் வாரத்தில் இரும்பையும் ஈயத்தையும் தின்னத் தொடங்கியது. குடிநீர் என்பது ஏதுமற்ற நீரன்று. வேண்டியது வேண்டிய அளவில் இருந்து, வேண்டாததை ஏற்காத அளவுக்கு நிறைவடைந்த நீரே குடிநீர்.

மேலாளரிடம் சென்று குழாயை உடனே மூட வேண்டும் என்றேன். “ஐயா, தெருவில் வேறு நீரில்லை. மூடினால் நாளைக் காலையில் என்ன குடிப்பார்கள்? இரண்டு நாள் பொறுக்கலாகாதா? சான்றளித்தவரும் நீங்கள்தானே?” என்றார். அவர் கேட்டதில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். நீரின்மையும் உயிரைப் பறிக்கும். இருப்பினும், ஈயம் கலந்த நீரைப் பாலில் கலந்து பருகும் குழந்தைகள் அத்தெருவில் இருந்தன. ஒரு வேளைகூடப் பொறுக்க இயலாது என்று உறுதியாகச் சொன்னேன். இறுதியில் அவர் ஒப்புக்கொண்டார். அன்று மாலைக்குள் ஒரு லாரியில் வெளியூர்க் கிணற்று நீர் வரவழைக்கவும் ஆளனுப்பினார். ஆனால் ஒன்று சொன்னார்: “காரணத்தை விரித்துரைக்க வேண்டாம். ‘குழாய் பழுது’ என்று ஓர் அட்டையை மாட்டிவிடுங்கள். கலவரம் வேண்டாம்.”

எனக்கும் அது உவப்பாகவே இருந்தது. என் கையொப்பமும் காப்பாற்றப்படும் அல்லவா? அட்டையை எழுதி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அக்கா அதைப் படித்தார்.

“பழுதுன்னா இன்னா சார் அர்த்தம்?”

“நீர் வராது என்று...”

“வராதுன்னா இருக்கறத சிக்கனமா செலவு பண்ணுவாங்க. வூட்டுக்கு வூடு குடத்துல, ட்ரம்முல, அண்டாவுல புடிச்சி வச்சிக்கினு கீறாங்களே, அந்தத் தண்ணிய முன்ன விட பத்தரமா வச்சிக்குவாங்க. ஒரு வாரத்துக்குக் கொழந்தைங்களுக்குக் குடுப்பாங்க. அத்த யாரு சார் கொட்டச் சொல்றது? இந்த அட்டையா சொல்லும்?”

என் பணிக்காலம் முழுவதிலும் இத்துணைக் கூர்மையான வினாவை எவரும் என்னிடம் தொடுத்ததில்லை. குழாயை மூடுவதோடு என் கடமை முடிந்தது என்று நான் எண்ணியிருந்தேன். ஏற்கெனவே வீடுகளுக்குள் சென்றுவிட்ட நீரை அவர் எண்ணினார். வறட்சியில் சேமித்த நீரை ஒரு குடும்பம் கொட்ட வேண்டுமானால், அதற்கு உண்மையைத் தவிர வேறெதுவும் போதாது.

அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா ஒரு தகரத்தைத் தட்டித் தெருவைக் கூட்டினார். நூறு பேருக்கு மேல் கூடியிருப்பார்கள். ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, குழாயின் ஈயம் நீரில் கலந்திருப்பதையும், வடிகலத்தில் மட்டும் சோதித்துச் சான்றளித்தவன் நானே என்பதையும், பிழை என்னுடையதே என்பதையும் சொன்னேன். பிடித்து வைத்திருக்கும் நீரைப் பருகவும் சமைக்கவும் வேண்டாம், துணி துவைக்கப் பயன்படுத்துங்கள் அல்லது கொட்டிவிடுங்கள் என்றேன்.

விசைப்படகில் தொழில் செய்யும் ஆஜானுபாகுவான ஓர் இளைஞர் முன்னால் வந்தார்.

“இன்னா சார் டபாய்க்கிற? ரெண்டு வாரம் முன்ன இதே வாயால ஊர்லயே சூப்பர் தண்ணின்ன. இப்ப விசம்ன்ற. எம்பொண்ணுக்கு ஆறு மாசம். அத்தத்தான் கலக்கிக் குடுத்துகினு கீறோம். படிச்சவன்னு நம்புனது எங்க தப்பா?”

“உங்கள் குழந்தையை நாளையே எங்கள் ஆலை மருத்துவரிடம் காட்டலாம், இத்தெருவின் எல்லாக் குழந்தைகளையும் காட்டலாம், அதற்கு நான் பொறுப்பு” என்று மட்டும் சொன்னேன். அவர் சினம் தணியவில்லை. தணியவேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

அந்நேரம் அக்கா தம் கடைக்குள் சென்று, தேநீருக்காக நிரப்பி வைத்திருந்த பெரிய நீல ட்ரம்மை உருட்டிவந்தார். அதுவே அவருக்கு நான்கு நாள் பிழைப்பு. அனைவரும் பார்த்திருக்க அதைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“அவரு தப்பு பண்ணாரு, வந்து சொல்லிட்டாரு. திட்றவன் அப்பாலிக்கா திட்டு. இப்ப போயி அவனவன் வூட்டுத் தண்ணிய கொட்டு” என்றார்.

கொட்டினார்கள். அந்தக் கோடையில், ஒவ்வொரு வாசலிலிருந்தும் நீர் ஓடிவந்து தெருவை நனைத்த காட்சியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முதல் சான்றினைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே எழுதி மேலாளரிடம் அளித்தேன். மருத்துவர் மறுநாளிலிருந்து குழந்தைகளைச் சோதித்தார். இளைஞரின் மகள் உட்பட எவருக்கும் பாதிப்பில்லை என்று பின்னர் உறுதியாயிற்று. காலம் குறுகியதாக இருந்ததே காரணம். அந்தக் குறுகிய காலத்தை ஈட்டித் தந்தவை இரண்டு குவளைத் தேநீர்.

அதன்பின் செய்யவேண்டியதைச் செய்தோம். அக்கா வேடிக்கையாகச் சொன்ன திருமணத்தை மெய்யாகவே நடத்தி வைத்தோம். உவர்ப்பினால் பருகத் தகாத பம்பு நீரில் ஒரு பங்கு. வெறுமையினால் பருகத் தகாத வடிநீரில் பல பங்கு. இரண்டையும் கலந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் அள்ளிய கிளிஞ்சல்களைக் கழுவி நிரப்பிய தொட்டி வழியே மெதுவாக வடியவிட்டோம். கிளிஞ்சலின் சுண்ணம் நீரின் பசியைத் தீர்த்தது. கிருமி நீக்கக் குளோரின் சேர்த்து, பழைய குழாயை அடியோடு கைவிட்டு, நெகிழித் தொட்டி ஏற்றிய லாரியில் தெருவுக்கு அனுப்பினோம். ஒவ்வொரு நாளும் லாரி புறப்படுமுன் அதன் நீரை நானே சோதித்தேன்.

நீர் நன்றாக இருந்தது. ஆனால் ஒருவரும் பருகவில்லை. பிடித்தார்கள், பாத்திரம் கழுவினார்கள், குடிக்கவில்லை; குடிப்பதற்கு வெளியூர்க் கிணற்று நீரையே சிக்கனமாக வைத்துக்கொண்டார்கள். நான் பேசிப் பார்த்தேன், பயனில்லை.

அக்காதான் வழி சொன்னார். “பேச்செல்லாம் வேணாம் சார். தெனம் காலில லாரி வரச்சே நீ வந்து மொதல் கிளாஸ் குடி. உன் லேப்புல இல்ல, இங்க, எங்க எதுர்ல. நீ குடிச்சாத்தான் நான் தொறப்பேன்.”

ஒரு குவளை நீரைக் குடித்துக் காட்டுவது எந்தச் சோதனைக்கும் ஈடாகாது என்று உங்களைப்போல் நானும் அறிவேன். இருப்பினும் உடன்பட்டேன். குடிக்கவேண்டியிருப்பவன் சோதனையில் ஒருபோதும் அசட்டையாக இருக்கமாட்டான் என்பது அவருடைய கணக்கு. அக்கணக்கில் பிழையில்லை. நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு அக்குழாயடியில் நின்று ஒரு குவளை பருகினேன். முதலில் ஏளனமாகப் பார்த்தார்கள். சில நாட்களில், “சார் இன்னிக்கி நாஸ்டா ஆச்சா?” என்று நலம் கேட்கத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் எனக்குக் கடுமையான காய்ச்சல். விழித்தபோது மணி ஒன்பதைக் கடந்திருந்தது. தட்டுத்தடுமாறித் தெருவை அடைகையில் பத்தரை. லாரி வந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. குடங்கள் வெயிலில் வரிசையாக நின்றன. ஒன்றுகூட நிரம்பவில்லை. வேலைக்குப் போகவேண்டியவர்களும் போகாமல் நின்றார்கள். “நான் குடிக்கிறேன்னு சொன்னேன் சார், உடமாட்டேன்ட்டாங்க” என்றார் லாரி ஓட்டுநர்.

அக்கா குவளையை நிரப்பி நீட்டினார். வாங்கினேன். உதடு வரை கொண்டுசென்றபோதுதான் உறைத்தது: இன்றைய நீரை நான் சோதிக்கவில்லை. வழக்கம்போல் நிரப்பி, வழக்கம்போல் அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் நேற்றைய நீரைப் போன்றதாகவே இருக்கும். நூறு பேர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டால் அவர்களுடைய நான்கு மணி நேரக் காத்திருப்பு முடிந்துவிடும். எனக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

குவளையைக் கீழே வைத்தேன்.

“மன்னியுங்கள். இன்று இதை நான் இன்னும் சோதிக்கவில்லை. அரை மணி நேரம் வேண்டும்” என்றேன்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்று தெருக்கூட்டத்தில் என்னைச் சாடிய அந்த இளைஞர் மகளைத் தோளில் சுமந்துகொண்டு வரிசையின் நடுவில் நின்றிருந்தார். முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “நாலு மணி நேரமா நிக்கிறோம். அரை மணி நேரத்துல இன்னா கெட்டுப்பூடும்? போய்ப் பாத்துட்டு வா சார்” என்றார். பிறகு திரும்பி, “யாரும் கை வெக்காதீங்கப்பா” என்று வரிசையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

மாதிரியை எடுத்துக்கொண்டு போனேன். காய்ச்சல் மயக்கத்தில் பிழை நேராதிருக்க ஒவ்வொரு சோதனையையும் இருமுறை செய்தேன். அரை மணி முக்கால் மணியாயிற்று. நீர் நன்றாகவே இருந்தது. திரும்பி வந்தபோது வரிசை கலையாமல் அப்படியே இருந்தது. குவளையை எடுத்து, காய்ச்சலில் வறண்ட தொண்டைக்குள் அந்நீரை முழுவதும் ஊற்றினேன். அக்கா லாரியின் குழாயைத் திறந்தார்.

தம் முறை வந்தபோது அந்த இளைஞர் குடத்தை வைக்குமுன் உள்ளங்கையில் சிறிது நீரேந்தி மகளின் வாயில் விட்டார். அவள் சப்புக்கொட்டினாள். அவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

“வூட்டுக்குப் போய்ப் படு சார். நாளைக்கி சீக்கிரம் வா.”